நம்மோடுதான் வருகிறான் என்று நினைத்தோம்

(திருக்குடும்பப் பெருவிழா ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. நற்செய்தி: லூக்கா 2:41-52)



இன்றைய நற்செய்தி ஒரு குடும்பப் பயணத்தைப் பற்றியது. 12 வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போகிறார்கள். நாசரேத்திலிருந்து எருசலேமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். விழா முடிந்து ஊர் திரும்பும்போது பிள்ளை கூட்டத்தோடு வருகிறான் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க நடந்துவிடுகிறார்கள். அதன் பிறகே தேடுகிறார்கள். மூன்று நாள் கழித்துக் கோவிலில் காண்கிறார்கள்.

இந்தப் பகுதியை எத்தனையோ முறை ஆலயத்தில் வாசித்திருக்கிறோம். வாசிக்கும்போதெல்லாம் மனத்துக்குள் ஒரு கேள்வி எழும். மரியாவும் யோசேப்பும் எவ்வளவு பொறுப்பான பெற்றோர்! ஒரு நாள் முழுக்கப் பிள்ளை இல்லை என்பது எப்படித் தெரியாமல் போகும்? கடந்த மே மாதம் வரை இந்தக் கேள்வி எங்களுக்கு இருந்தது. இப்போது இல்லை. ஏன் என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

எங்கள் அண்ணன் துபாயில் வேலை செய்கிறார். போய் 18 ஆண்டுகள் ஆகின்றன. அண்ணியும் பிள்ளைகளும் திருச்சியில் இருக்கிறார்கள். மகனுக்கு 16 வயது, மகளுக்கு 13. ஆண்டுக்கு ஒரு மாதம் அப்பாவைப் பார்ப்பார்கள். மற்ற 11 மாதமும் அப்பா என்பது கைப்பேசியில் தெரியும் ஒரு முகம். இந்தச் சூழலில் வளர்ந்த பிள்ளைகள் நமது பங்குகளில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த ஆண்டு அண்ணன், அண்ணிக்குத் திருமணத்தின் வெள்ளி விழா. அண்ணன் ஒரு முடிவெடுத்தார். "இத்தனை வருஷம் பிள்ளைங்களோட இருக்க முடியல. ஏழு நாள் எல்லாரும் ஒண்ணா இருப்போம். யாரும் எங்கயும் ஓட முடியாது" என்று சொல்லி, மத்தியதரைக் கடலில் போகும் ஒரு சுற்றுலாக் கப்பலில் ஐந்து பேருக்கு இடம் பதிவு செய்தார். ஐந்தாவது ஆள் யார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். வெள்ளி விழாத் திருப்பலியைக் கப்பல் அறையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். பங்கு மக்கள் சிலர், "என்ன ஃபாதர், சொகுசுக் கப்பலா?" என்று சிரித்தார்கள். சிரிக்க வேண்டியதுதான்.

ரோமைக்கு அருகில் உள்ள சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் ஏறினோம். பலெர்மோ, மால்டா, பார்சலோனா, மார்செய், ஜெனோவா என்று சுற்றி மீண்டும் அங்கேயே வந்து சேரும் பயணம். கப்பல் என்று சொல்கிறோமே தவிர, அது தண்ணீரில் மிதக்கும் ஒரு சிறிய நகரம். உணவகம், நீச்சல் குளம், திரையரங்கு, கடைத்தெரு எல்லாம் உண்டு. ஏறியதும் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். அறைக் கதவைத் திறப்பதும் அதே அட்டை, காபி வாங்குவதும் அதே அட்டை. துறைமுகத்தில் இறங்கும்போதும் ஏறும்போதும் வாசலில் உள்ள இயந்திரத்தில் அதைக் காட்ட வேண்டும். நம் படம் திரையில் வரும். யார் உள்ளே, யார் வெளியே என்பது கப்பலுக்கு எப்போதும் தெரியும்.

புறப்படுவதற்கு முன் ஒரு பயிற்சியும் நடந்தது. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் எல்லாரும் அவரவருக்குக் குறித்த இடத்தில் வந்து கூட வேண்டும். அங்கே எண்ணிப் பார்ப்பார்கள். ஆளைக் காணவில்லை என்றால் தேடுவார்கள். அண்ணன் மகன் மட்டும் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

முதல் நாள் மாலையில் எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்தவர், அண்ணி பேசுவதைக் கேட்டு, "தமிழா? எந்த ஊருங்க?" என்றார். குமரி மாவட்டக் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். நம் மறையைச் சேர்ந்தவர். கட்டிலின் மேல் துண்டை யானை போல மடித்து வைத்து, சின்னவளைச் சிரிக்க வைத்தார். நாங்கள் பெயரைக் கேட்டோம், ஊரைக் கேட்டோம், கையில் கொஞ்சம் பணம் கொடுத்தோம். அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

ஒன்றாக இருக்கத்தான் போனோம். ஆனால் நடந்தது என்ன? அண்ணனுக்கு அலுவலக அழைப்பு நிற்கவில்லை. அண்ணிக்கு, கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற பரபரப்பு. நாங்கள் ஒரு நாற்காலியைப் பிடித்து, கட்டளைச் செபத்தை முடித்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சின்னவள் நீச்சல் குளத்தில். பெரியவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் நாள் இரவு உணவின்போது அண்ணன் பொறுமையிழந்தார். "இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்தும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கியே" என்றார். அவன் தட்டைப் பார்த்தபடியே, "நான் கேக்கலையேப்பா" என்றான். மேசை அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? செய்தது ஒரு பிரசங்கம். நன்றி உணர்வைப் பற்றி, தகப்பனின் தியாகத்தைப் பற்றி, பத்து நிமிடம். ஆண்டுதோறும் பங்கில் உறுதிபூசுதலுக்கு இளைஞர்களைத் தயாரிக்கிறோம். சொந்த அண்ணன் மகனிடம், "என்னடா ஆச்சு?" என்ற இரண்டு வார்த்தையைக் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை கப்பல் மால்டாவின் தலைநகரான வல்லெட்டாவில் நின்றது. கத்தோலிக்கருக்கு அந்தத் தீவின் பெயரே சிலிர்ப்பைத் தரும். புனித பவுல் ரோமைக்குக் கைதியாகக் கொண்டுபோகப்படும்போது கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய தீவு அது. பத்து மணிக்கு இறங்கினோம். மாலை ஐந்தரைக்குள் திரும்பிவிட வேண்டும். இறங்கும்போதே அண்ணன் எல்லாரையும் நிறுத்திச் சொன்னார்: "கூட்டமா இருக்கும். யாராவது வழி தவறிட்டா அலையாதீங்க. நேரா கப்பல்கிட்ட வந்து நில்லுங்க." எல்லாரும் தலையாட்டினோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வல்லெட்டா உயரத்தில் கட்டிய கோட்டை நகரம். துறைமுகத்தைப் பார்த்தபடி மேல் பாரக்கா என்ற பூங்கா இருக்கிறது. அங்கே நண்பகல் 12 மணிக்குப் பீரங்கி முழங்கும். அதைப் பார்க்க நல்ல கூட்டம். பீரங்கி முழங்கியது, எல்லாரும் கை தட்டினார்கள், கூட்டம் கலைந்தது. நாங்களும் நடந்து, புனித பவுலின் கப்பல் உடைந்ததை நினைவுகூரும் பழைமையான ஆலயத்துக்குப் போனோம். அங்கே புனிதரின் மணிக்கட்டு எலும்பின் பகுதியையும், ரோமையில் அவர் தலை வெட்டப்பட்ட தூண் என்று போற்றப்படும் தூணின் ஒரு பகுதியையும் வைத்து வணங்குகிறார்கள்.

முழந்தாளிட்டுச் செபித்தோம். பிறகு வழக்கம்போல விளக்கம் தொடங்கினோம். திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரம். 14 நாள் புயல். சூரியனும் தெரியவில்லை, விண்மீனும் தெரியவில்லை. மாலுமிகள் சிறு படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பிக்கப் பார்க்கிறார்கள். அவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் யாருமே தப்ப முடியாது என்று பவுல் எச்சரிக்கிறார். பொழுது விடியும் நேரத்தில் அப்பத்தை எடுத்து, நன்றி சொல்லி, பிட்டு உண்கிறார். எல்லாருக்கும் தைரியம் வருகிறது. "கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். கப்பல் போய்விட்டது, சரக்கு போய்விட்டது. ஆனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை" என்று உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்போது சின்னவள் கேட்டாள்: "சித்தப்பா, நாம அஞ்சு பேர்ல அண்ணன் எங்க?"

திரும்பிப் பார்த்தோம். இல்லை. அண்ணன், "உன்கூடத்தானே வந்தான்?" என்று அண்ணியைக் கேட்டார். அண்ணி, "நீங்க ரெண்டு பேரும் பேசிட்டே போனீங்க, உங்க பின்னாடின்னு நெனச்சேன்" என்றார். நாங்கள், தாயோடு வருகிறான் என்று நினைத்திருந்தோம். பாஸ்காவுக்குப் போகிறவர்கள் ஆண்கள் தனியாகவும் பெண்கள் தனியாகவும் நடந்ததால், பிள்ளை மற்றவரோடு இருக்கிறான் என்று மரியாவும் யோசேப்பும் நினைத்திருக்கலாம் என்று மறையுரைகளில் சொல்வதுண்டு. நாங்களும் சொல்லியிருக்கிறோம். அன்று அதன் பொருள் வயிற்றில் தெரிந்தது.

276 பேரை எண்ணி எழுதினார் லூக்கா. எங்களால் ஐந்து வரை எண்ண முடியவில்லை.

அவனுடைய கைப்பேசி கப்பலின் இணைப்பில் மட்டும் வேலை செய்யும். பூங்காவுக்கு ஓடினோம். கடைத்தெருவில் தேடினோம். புனித யோவான் இணைப் பேராலயத்தின் முன் நின்ற வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம். தேடிக்கொண்டே நாங்கள் பேசியது என்ன தெரியுமா? "வேணும்னே பண்றான்." "நேத்து திட்டினதுக்குப் பழி வாங்குறான்." "செல்லம் கொடுத்துக் கெடுத்தாச்சு." இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளையின் மேல் குற்றப்பத்திரிகை வாசித்தோம். அண்ணி மட்டும் ஒன்றும் பேசாமல் செபமாலை சொல்லிக்கொண்டே நடந்தார்.

மணி மூன்று நெருங்கியது. கப்பலில் விசாரிக்கலாம் என்று கடைசியாகத்தான் தோன்றியது. துறைமுகத்துக்கு இறங்கினோம். அந்தக் கரையோரத்திலேயே ஒரு சிறிய ஆலயம் உண்டு. திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பிச் சென்றதற்கு அர்ப்பணிக்கப்பட்ட ஆலயம். அதைக் கடந்து சில அடி நடந்ததும் அண்ணி நின்றுவிட்டார். ஒரு கல்லிருக்கையில் அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் எங்கள் அறையைச் சுத்தம் செய்யும் அந்தச் சகோதரர். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளாக எங்களோடு பேசாத பிள்ளை கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

அண்ணன் வேகமாகப் போய்க் கையை ஓங்கிவிட்டார். அந்தச் சகோதரர் எழுந்து குறுக்கே நின்றார். "சார், பிள்ளைய அடிக்காதீங்க. தனியா நின்னான், நான்தான் பக்கத்துல உக்கார வெச்சேன்" என்றார். அண்ணி மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டா இப்படிப் பண்ணே? உயிரே போயிடுச்சுடா" என்று அழுதார். அவன் குழப்பத்தோடு எங்களைப் பார்த்தான்.

"நான் என்னம்மா பண்ணேன்? பீரங்கி பாத்துட்டுத் திரும்பினேன், உங்களைக் காணோம். கொஞ்ச நேரம் அங்கயே நின்னேன். வழி தவறினா கப்பல்கிட்ட வந்து நிக்கணும்னு அப்பாதானே சொன்னாரு? இங்கதான் இருப்பேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அன்பார்ந்தவர்களே, எங்களிடம் பதில் இல்லை. அவன் எங்களை விட்டுப் போகவில்லை. நாங்கள்தான் அவனை விட்டுவிட்டுப் போனோம். சொன்ன சொல்லை அவன் கடைப்பிடித்தான். சொன்ன நாங்கள் மறந்துவிட்டோம். இரண்டு மணி நேரம் வாசித்த குற்றப்பத்திரிகையில் எங்கள் பெயர் இருந்திருக்க வேண்டும்.

கோவிலில் கண்டெடுத்த மகன் தாயிடம் கேட்டதும் இதுபோன்ற கேள்விதான். ஏன் தேடினீர்கள், நான் எங்கே இருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாதா? இதை வாசிக்கும்போது, சிறுவன் இயேசு பெற்றோரிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டாரோ என்று சிலருக்குத் தோன்றும். அது கடுமை அல்ல. என்னை இவ்வளவு நாள் வளர்த்தவர்களுக்கு என் மனம் எங்கே இருக்கும் என்று தெரிந்திருக்குமே என்ற வியப்பு. நம் பிள்ளைகளும் அந்த வியப்போடுதான் நம்மைப் பார்க்கிறார்கள். சில நேரம் அது கோபமாக வெளியே வருகிறது. சில நேரம் மௌனமாக.

அந்தச் சகோதரர் பிறகு எங்களிடம் சொன்னதைக் கேளுங்கள். அவருக்கு எட்டு மாத ஒப்பந்தம். அன்று பிற்பகலில் கொஞ்ச நேரம் ஓய்வு. ஊரைச் சுற்றிப் பார்க்க அவர் இறங்கவில்லை. துறைமுகத்தில் இணைப்பு நன்றாகக் கிடைக்கும் என்பதால் வீட்டுக்குப் பேச இறங்கினார். அவருக்குப் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள். அவர் "எப்படி இருக்கே?" என்றால் "ம்" என்பாள். "படிக்கிறியா?" என்றால் "ம்". இரண்டு நிமிடத்தில் அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். அன்றும் அப்படித்தான். கைப்பேசியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தபோது எதிரே எங்கள் பையன் நின்றிருக்கிறான். அவனை உட்கார வைத்து இவர் கேட்டிருக்கிறார்: "மக்களே, உன் வயசுப் பிள்ளைங்ககிட்ட அப்பா என்ன பேசணும்? எனக்குத் தெரியல. நீ சொல்லு."

அவன் யோசித்துச் சொன்னானாம்: "மார்க் கேக்காதீங்க அங்கிள். இன்னிக்கு யாரோட சிரிச்சேன்னு கேளுங்க. அவ சொல்லலைன்னா நீங்க யாரோட சிரிச்சீங்கன்னு சொல்லுங்க. தினமும் கேளுங்க. ஒரு நாள் சொல்லுவா."

இதை அவர் சொன்னபோது அண்ணன் அருகிலேயே நின்றிருந்தார். துபாயிலிருந்து 18 ஆண்டுகளாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், "படிக்கிறியா? எத்தனை மார்க்?" என்று கேட்ட தகப்பன் அவர். ஒன்றும் பேசாமல் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கோவிலில் போதகர்கள் நடுவே அமர்ந்திருந்த சிறுவனைப் பாருங்கள். அவர் கேட்டார், கேள்வி எழுப்பினார். அவருடைய பதில்களைக் கேட்டுப் பெரியவர்கள் வியந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அப்படியானால் அந்தப் பெரியவர்களும் அவரைப் பேசவிட்டார்கள் என்றுதானே பொருள்? வெண்தாடிக்காரர்கள் ஒரு 12 வயதுப் பையனுக்கு நடுவில் இடம் கொடுத்து உட்கார வைத்தார்கள். இறையியல் படித்த நாங்கள் இரவு உணவு மேசையில் செய்யாததை, கட்டிலுக்கு விரிப்பு மாற்றும் அந்தச் சகோதரர் துறைமுகக் கல்லிருக்கையில் செய்தார். "எனக்குத் தெரியல, நீ சொல்லு" என்றார். மூன்று நாளாகப் பூட்டியிருந்த கதவு அந்தச் சொல்லில் திறந்தது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்னும் மடலின் ஏழாம் அதிகாரத்தில் பெற்றோருக்கு இதையே நினைவூட்டுகிறார். பிள்ளை இந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கிறான் என்று அறிந்துவிட்டால் போதாது. எதை நம்புகிறான், எதை விரும்புகிறான், வாழ்க்கைப் பாதையில் எங்கே நிற்கிறான் என்பதுதான் பெரிய கேள்வி என்பது அவர் கருத்து. எங்கள் கப்பலின் அட்டைக்கு முதல் கேள்விக்கு விடை தெரியும். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லும் இயந்திரம் எதுவும் இல்லை. அதற்கு ஒரு தாய் வேண்டும், ஒரு தகப்பன் வேண்டும், கேட்கும் காது வேண்டும்.

இந்த மறையுரையைக் கேட்கும் பலர் கப்பல் ஏறப்போவதில்லை. மே மாதம் வேன் எடுத்து வேளாங்கண்ணிக்குப் போவோம். அல்லது தாத்தா பாட்டி ஊருக்குப் போவோம். வேனிலும் இதேதான் நடக்கிறது. முன் இருக்கையில் அப்பா, நடுவில் சமையல் பாத்திரத்தோடு அம்மா, கடைசி இருக்கையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு மகனும் மகளும். ஒரே வண்டியில் போகிறோம், ஒரே வீட்டில் படுக்கிறோம், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து திருப்பலி காண்கிறோம். அதனால் ஒன்றாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் அப்படி நினைத்தார்கள். நாமோ ஆண்டுக்கணக்கில் நினைக்கிறோம்.

ஆனால் அந்தப் பெற்றோர் இல்லை என்று தெரிந்த உடனே திரும்பி நடந்தார்கள். ஊர் போய்ச் சேரட்டும், பிறகு பார்ப்போம் என்று இருக்கவில்லை. வந்த வழியே எருசலேமுக்குத் திரும்பினார்கள். பிள்ளை தொலைந்த இடம், தாங்கள் அவனைக் கடைசியாகக் கவனித்த இடம்தான். அங்கேயே போய்த் தேட வேண்டும். உங்கள் பிள்ளையோடு மனம்விட்டுக் கடைசியாக எப்போது பேசினீர்கள்? ஐந்தாம் வகுப்பிலா? ஒரு தேர்வு முடிவு வந்த அன்றா? ஒரு அடி விழுந்த அன்றா? அந்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் கேளுங்கள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதால் எந்தத் தகப்பனும் சிறுத்துப் போவதில்லை.

இன்னொன்றும் நற்செய்தியில் இருக்கிறது. மகன் சொன்னதைப் பெற்றோர் புரிந்துகொள்ளவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். அமல அன்னைக்கே உடனே புரியவில்லை! அதனால் அவர் மகனைத் திட்டித் தீர்க்கவில்லை. எல்லாவற்றையும் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தார். மகனும் அவர்களோடு நாசரேத்துக்குப் போய்ப் பணிந்து நடந்தார். வயதுக்கு வந்துகொண்டிருக்கும் பிள்ளை சொல்வதெல்லாம் நமக்குப் புரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புரியாததை உள்ளத்தில் வைத்துக்கொள்ளப் பழகினால் போதும். நாம் புரியாததை எல்லாம் உடனே அத்தையிடமும் சித்தியிடமும் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவிடுகிறோம். அதன் பிறகு பிள்ளை நம்மிடம் ஏன் பேசப் போகிறான்?

அன்று மாலை கப்பல் மால்டாவை விட்டு நகர்ந்தது. மேல்தளத்தில் அண்ணனும் மகனும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் கேட்டார்: "இன்னிக்கு யாரோட சிரிச்சே?" அவன் நெடுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு பேசத் தொடங்கினான். இரவு உணவுக்கு இருவரும் வரவில்லை. அவன் என்ன சொன்னான் என்பது தகப்பனுக்கும் மகனுக்கும் உரியது. அதைச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. இவ்வளவையும் வானொலியில் சொல்வதற்கே அவனிடம் அனுமதி கேட்டோம். பெயர் சொல்லக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்தான்.

மறுநாள் கடலிலேயே பயணம். அறையில் வெள்ளி விழாத் திருப்பலி. அந்தக் குமரிச் சகோதரரையும் அழைத்தோம். வேலை நடுவே கால் மணி நேரம் வந்து நின்றார். பவுல் கப்பலில் அப்பத்தைப் பிட்ட கடல் அதுதான். அன்று திருப்பலியில் பிரசங்கம் வைக்கவில்லை. ஆறு பேர் இருக்கிறோமா என்று எண்ணிவிட்டுத் தொடங்கினோம்.

அந்தச் சகோதரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலில் உழைப்பவர்களுக்கு ஒரு நாளில் பத்து மணி நேர ஓய்வாவது வேண்டும், துறைமுகத்தில் கரையிறங்க அனுமதி வேண்டும் என்று 2013 முதல் நடைமுறையில் இருக்கும் பன்னாட்டு உடன்படிக்கை சொல்கிறது. நமது திருச்சபையும் 1920இல் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் பணியின் வழியாகத் துறைமுகங்களில் அவர்களைச் சந்திக்கிறது. ஜூலை மாதம் இரண்டாம் ஞாயிறு கடல் ஞாயிறாகக் கொண்டாடப்படுகிறது. பவுலும் மற்றவர்களும் நனைந்து நடுங்கிக் கரையேறியபோது மால்டா மக்கள் தீ மூட்டி வரவேற்றார்கள். நமது பங்கிலும் கப்பலிலும் வளைகுடாவிலும் உழைக்கும் தகப்பன்மார் உண்டு. அவர்கள் விடுப்பில் வரும்போது, "எப்போ திரும்பிப் போறீங்க?" என்று கேட்பதை விட்டு, வீட்டில் அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் தனியாக நேரம் விடுங்கள்.

இந்த வாரத்துக்கு ஒரு சிறிய வேண்டுகோள். கப்பலில் கூடும் இடம் ஒன்று குறித்திருந்தது போல, உங்கள் வீட்டிலும் ஒரு இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரவு உணவோ, குடும்பச் செபமோ, எதுவானாலும் சரி. கைப்பேசிகளை ஓரமாக வையுங்கள். முதலில் எல்லாரும் இருக்கிறோமா என்று எண்ணுங்கள். பிறகு ஒருவரை ஒருவர் கேளுங்கள்: இன்று யாரோடு சிரித்தாய்? பதில் வராவிட்டாலும் மறுநாள் மீண்டும் கேளுங்கள்.

அண்ணன் துபாய்க்குத் திரும்பிவிட்டார். வேலையை விட முடியவில்லை. கடன் இருக்கிறது. வாரம் ஒருமுறை பேசியவர் இப்போது தினமும் பேசுகிறார். மகன் சில நாள் அரைமணி நேரம் பேசுவானாம். சில நாள் "ம்" என்பதோடு சரி. "அந்த 'ம்' கேட்டாலும் போதும் தம்பி, ஆள் கப்பல்கிட்டதான் நிக்கிறான்னு தெரியுதுல்ல" என்கிறார் அண்ணன்.

செபிப்போம். அன்பின் இறைவா, உம் மகனையே ஒரு குடும்பத்தில் வளர விட்டவரே, எங்கள் இல்லங்களை ஆசீர்வதியும். பிள்ளைகள் எங்களோடுதான் இருக்கிறார்கள் என்று நினைத்து நாங்கள் நடந்து வந்துவிட்ட தூரத்தை மன்னியும். திரும்பிப் போய்த் தேடும் மனத்தை எங்களுக்குத் தாரும். தொலைவில் உழைக்கும் தாய் தந்தையரையும், அவர்களுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளையும் காத்தருளும். மரியாவும் யோசேப்பும் எங்களுக்காகப் பரிந்து பேசுவார்களாக. எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.